இங்கிலாந்தின் நாரிச் நகருக்கு அருகே எர்ல்ஹாம் மாளிகையில் வாழ்ந்த கர்னி குடும்பம் வங்கித் தொழிலுக்கு வந்தது எப்படி?

கர்னிகள் குவேக்கர்கள். குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள். பேச்சே சத்தியம்தானே, தனியாக எதற்கு என்பது அவர்கள் கட்சி. அதனாலேயே ஆக்ஸ்ஃபோர்டு பட்டம், அரசுப் பதவி எல்லாம் அடைபட்டுப்போக, மிஞ்சியது வியாபாரம். நாரிச் நகரில் கம்பளி நூல் வியாபாரம் செய்த கர்னி குடும்பத்தை ஊரே நம்பியது. நாணயமான மளிகைக்கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்து வைப்போமே, அப்படித்தான். 1770இல் அந்த நம்பிக்கை வங்கியானது. 1896இல் பார்க்ளேஸ் வங்கியில் கலந்தது.

கர்னி குடும்பத்துப் பெண்ணான சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை வளர்ந்தது எர்ல்ஹாமில்தான். (ஆட்டம்பாட்டத்தை ஒதுக்கும் குவேக்கர் வீடு என்றாலும் அங்கே அதெல்லாம் உண்டு!)

மாளிகை கர்னிகளுக்கே சொந்தமாக இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நூறு வருடங்களுக்கு மேல் அவர்கள் அங்கே குத்தகைக்குத்தான் இருந்தார்கள். உரிமையாளர்கள் பேக்கன் குடும்பத்தார்.