பயணத்தில் தண்ணீரைக் குறைப்பது சரியா?

கேள்வி: எனக்கு 69 வயது, கணவருக்கு 74. அடுத்த மாதம் மகளைப் பார்க்கப் பத்து மணி நேரம் விமானத்தில் போகிறோம். அவர் ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, இன்சுலின் மூன்றும் எடுக்கிறார். பயணம் என்றால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தொடமாட்டார், நீர் மாத்திரையையும் விட்டுவிடுவார். போன முறை ரயிலிலிருந்து இறங்கியதும் கால் வீங்கி, தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: எழுபதைத் தாண்டிய பலர் இதையே செய்கிறார்கள், மருத்துவரிடம் சொல்வதும் இல்லை. வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். உடலில் நீர் குறைந்தாலும் நாக்கு கேட்காது. விமானத்துக்குள் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர், ரத்த அழுத்த மாத்திரையும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்க, சட்டென்று எழுந்தால் தலைசுற்றத்தான் செய்யும். சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி ஆகும். எது என்று அந்த இடத்திலேயே தெரிய, சர்க்கரை பார்க்கும் கருவி கைப்பையிலேயே இருக்கட்டும்.

ஆகவே தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கழிப்பறைக்குப் பக்கத்தில், நடைபாதையோரம் இருக்கை கேளுங்கள். (ஜன்னலோரம் அழகுதான். ஆனால் தூங்குகிற இருவரைத் தாண்டி வெளியே வர வேண்டுமே என்றே அவர் எழுந்திருக்க மாட்டார்.) தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்று ஏற்கெனவே நீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

நீர் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விட்டால் கால் இன்னும் வீங்கும். நிறுத்துவதற்குப் பதில் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஃபுரோசமைட் போன்றவற்றின் வேகம் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். புறப்படும் நேரத்தைப் பொறுத்து முன்னதாகவோ, போய்ச் சேர்ந்த பிறகோ எடுக்கச் சொல்லலாம். எல்லா நீர் மாத்திரைகளும் அப்படியல்ல. அதனால் அட்டையையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி கால். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும்; உட்கார்ந்தே இருந்தால் அது கீழேயே தேங்கும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ரயில், பேருந்து, கார் எதுவானாலும் இதே கதைதான். ஆரோக்கியமானவர்களுக்கு அப்போதும் அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். வயது, உடல்பருமன், அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை எல்லாம் அதைக் கூட்டும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். நடுவில் குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவதும், விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருக்கட்டும். தூக்க மாத்திரை வேண்டாம், அசையாமல் கிடந்துவிடுவார். இறுக்கமான காலுறையை, நெடுநாள் சர்க்கரை உள்ளவர் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்காமல் போடக் கூடாது.

இறங்கிய பிறகு இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, காலுறைத் தடம் பதிந்து, இரவில் காலை உயர்த்திப் படுத்ததும் வடிந்தால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து வந்தாலும் சரி. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். அங்கே உறைந்துபோகலாம்; உறைந்தது மறுபடி உருகினாலும் பயன்படாது. நேர வித்தியாசம் அதிகமென்றால், அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்குங்கள். கிழக்கே போனால் நாள் சுருங்கும், மேற்கே போனால் நீளும். பழைய கடிகாரப்படியே ஊசி போட்டால் கணக்கு தப்பும்.

கடைசியாக, மகள் வீட்டில் முதல் இரவு. நடுராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் எழுபவருக்குப் பழைய வீட்டின் கதவுதான் நினைவில் இருக்கும். படுக்கும் முன் விளக்கைப் போட்டு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இருவரும் ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் கிடக்கும் மிதியடியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு சின்ன விளக்கை எரியவிட்டுப் படுங்கள்.