சித்தப்பாவின் ரோலக்ஸ்

வணக்கம் சார்,

ஹெச்.எம்.டி வாட்சுகள் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தவன் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். எனக்கு 31 வயது, சென்னையில் ஐ.டி வேலை. கல்லூரிக் காலத்திலிருந்தே ரோலக்ஸ் சப்மரைனர் மேல் ஒரு கண். விலை பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. டெலிகிராமில் ஒருவர் அதன் ‘சூப்பர் குளோன்’ ஒன்றை, அதாவது அச்சு அசலான போலியை, 38,000 ரூபாய்க்குத் தருகிறார். ஆபீசில் இரண்டு பேர் அதைத்தான் கட்டியிருக்கிறார்கள், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

என் மனைவி இது திருட்டுப் பொருள் மாதிரி என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் எப்படியும் ஒரிஜினல் வாங்கப் போவதில்லை, அதனால் ரோலக்ஸுக்கு நயா பைசா நஷ்டம் கிடையாது. ஸ்டீல் வாட்சுக்குப் பத்து லட்சம் வாங்குகிற அவர்கள்தான் பெயரை விற்று ஊரை ஏமாற்றுகிறார்கள். யாராவது ஒரிஜினலா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வாங்கலாமா? அப்புறம், நீங்கள் இப்போது என்ன வாட்ச் கட்டியிருக்கிறீர்கள்?

பிரபு

அன்புள்ள பிரபு,

இதில் உபதேசம் செய்கிற தகுதி எனக்குக் கிடையாது. கல்லூரியில் படிக்கும்போது பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கிய ‘ரேடோ’வை ஆறு மாதம் கட்டியிருக்கிறேன். அது தெரிய வேண்டும் என்பதற்காகவே முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிறகு முலாம் உரிந்து மணிக்கட்டு பச்சையாகி அரிப்பு வந்து, அம்மா வேப்பிலை அரைத்துப் போட்டாள். ஆகவே நான் சொல்வதை அந்த அரிப்போடு சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசுக் கணக்கு, அது சுலபம். இன்றைய சூப்பர் குளோன் அந்தக் காலத்து நடைபாதைச் சரக்கு மாதிரி இல்லை என்பது நிஜம். அப்போதெல்லாம் விநாடி முள் டிக் டிக்கென்று தாவினால் போலி, வழுக்கிக்கொண்டு ஓடினால் அசல் என்று சொல்வோம். இப்போது போலியின் உள்ளே ஓடுவதும், கை ஆடுவதிலேயே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக் மிஷின்தான். ரோலக்ஸின் 3235 மிஷினைப் பிரித்துப் பார்த்து அதே அமைப்பில் சீனாவில் செய்கிறார்கள், விநாடிக்கு எட்டுத் துடிப்பு இதிலும் உண்டு. குவாங்சோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாட்சுகளுக்கென்று பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது, உலகத்துக்கே அங்கிருந்துதான் நிறையச் சரக்கு போகிறது. செய்கிறவர்களின் கைத்திறமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான்கைந்து வருடத்தில் உள்ளே எண்ணெய் வற்றும்போது யாரிடம் கொண்டுபோவீர்கள்? ரோலக்ஸ் சர்வீஸ் சென்டர் தொடாது. தெருமுனை ரிப்பேர்காரர் ஆசைப்பட்டுத் திறப்பார், ஒரு பல்சக்கரம் தேய்ந்திருந்தால் அதற்குப் பாகம் கிடைக்காமல் அப்படியே மூடித் தருவார். டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கும். அதைச் சோதித்தது யார்? அந்த எழுத்தை நம்பி ஏற்காடு ஓட்டல் நீச்சல் குளத்தில்கூட இறங்காதீர்கள்.

பில்லும் கிடையாது. 2022 டிசம்பரில் ஒரு கைக்கடிகாரத்தின் பில்லைக் காட்டு, காட்டு என்றே தமிழ்நாட்டு அரசியல் கொஞ்ச நாள் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களிடம் யாரும் கேட்கப் போவதில்லை, சரி. ஆனால் வாட்ச் பத்தாவது நாள் நின்றுபோனால் நீங்கள் கேட்கவும் ஆள் இருக்காது. டெலிகிராம் கணக்கு ஒன்று இருக்கும், அதுவும் அடுத்த மாதம் வேறு பெயரில்.

இனி உங்கள் வாதம். ரோலக்ஸுக்கு நஷ்டமில்லை என்கிறீர்கள். உங்கள் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒப்புக்கொள்கிறேன். அந்த கம்பெனி ஒரு அறக்கட்டளையின் சொத்து, ஆரம்பித்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபுக்குப் பிள்ளை கிடையாது, அவர் பெயரிலேயே அந்த அறக்கட்டளை இருக்கிறது. கடையில் காசோடு போய் நின்றாலும் பேரை எழுதிவைத்துவிட்டுக் காத்திருங்கள் என்கிற நிலைமை. நீங்கள் டெலிகிராமில் வாங்கியதால் ஜெனிவாவில் யாருக்கும் தூக்கம் கெடாது.

பெயரை விற்கிறார்கள் என்பதும் சரிதான். ரோலக்ஸ் என்ற சொல்லுக்கே எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. எந்த ஊர்க்காரர் வாயிலும் நுழைய வேண்டும், டயலில் சின்னதாக அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்தப் பெயரை 1908ல் வில்ஸ்டார்ஃப் பதிவுசெய்தார். 1927ல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். சிலர் நம்பவில்லை என்பதால் அதே மாதம் மறுபடி இறங்கினார், அந்த முறை கழுத்தில் ஒரு ரோலக்ஸ் தொங்கியது. கொடும் குளிரில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் அவரால் கரை சேர முடியவில்லை, படகில் தூக்கிப் போட்டார்கள். வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வில்ஸ்டார்ஃப் உடனே லண்டன் பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்துவிட்டார். கிட்டத்தட்ட நூறு வருடமாக இதே வியாபாரம்தான்.

ஆனால் பிரபு, உங்கள் 38,000 எதற்குப் போகிறது என்று யோசித்தீர்களா? பார்வைக்குச் சப்மரைனர் மாதிரியே, ஆட்டோமேட்டிக் மிஷினோடு, பகானி டிசைன் என்று சொந்தப் பெயர் போட்டு ஒரு சீனக் கம்பெனி விற்கிறது. பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். யாரும் அதைப் போலி என்று சொல்ல முடியாது, காப்பி என்று வேண்டுமானால் சொல்லலாம். உங்களுக்கு அது வேண்டாம், டயலில் அந்தக் கிரீடமும் ஐந்தெழுத்தும் இருந்தே ஆக வேண்டும். உங்கள் சரக்கில் வேலைப்பாடு இன்னும் நுணுக்கம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு ஒரு பத்தாயிரம் கூடப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் பதினெட்டாயிரத்துக்கு நீங்களும் பெயரைத்தான் வாங்குகிறீர்கள், அதுவும் அந்தப் பெயருக்குச் சொந்தமில்லாத ஒருவரிடமிருந்து. பெயரை விற்பவர்களைத் திட்டிவிட்டு இதைச் செய்வதுதான் எனக்கு இடிக்கிறது.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 1999ம் வருட வணிகச் சின்னச் சட்டத்தில் போலிச் சின்னம் போடுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சொந்த உபயோகத்துக்கு ஒன்று வாங்குகிறவரை அது தேடி வராது. இத்தாலியில் வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு. சுவிட்சர்லாந்துக்கு ஆன்சைட் போனால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், 2008லிருந்து சுற்றுலாப் பயணி கையில் இருக்கும் ஒற்றைப் போலியையும் சுங்கத்தில் பிடுங்கி அழிக்க அங்கே சட்டம் இருக்கிறது.

போலிப் பொருளை அணிந்தால் மனிதர் மற்ற விஷயங்களிலும் ஏமாற்ற ஆரம்பிப்பார் என்று 2010ல் ஒரு உளவியல் ஆய்வு வந்தது, குளிர் கண்ணாடியை வைத்துச் செய்தது. முன்பு ஒரு கூட்டத்தில் அதைக் கம்பீரமாக மேற்கோள் காட்டியிருக்கிறேன். இப்போது காட்டுவதில்லை. அதை எழுதிய மூவரில் இருவர் வேறு சிலரோடு சேர்ந்து எழுதிய, நேர்மையைப் பற்றிய இன்னொரு கட்டுரையில் தரவே புனையப்பட்டிருந்தது தெரியவந்து 2021ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். தரவைப் புனைந்தது யார் என்பது வேறு சண்டை. நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி சொன்ன திருட்டு என்ற வார்த்தை எனக்கும் சரியாக ஒட்டவில்லை. ஆனால் அவருக்கு எதுவோ உறுத்துகிறது, அந்த உறுத்தலில் அர்த்தம் இருக்கிறது. அதைச் சொல்ல என் சித்தப்பாவிடம் போக வேண்டும்.

சித்தப்பா துபாயில் பதினெட்டு வருடம் ஏசி மெக்கானிக். 1997ல் லீவுக்கு வந்தபோது கையில் தங்கக் கலரும் ஸ்டீலும் கலந்த செயினோடு ஒரு ரோலக்ஸ். நாங்கள் வாயைப் பிளந்தோம். “டூப்ளிகேட்டுடா, கராமாவுல நூறு திர்ஹாம்” என்று அவரே சிரித்தார். கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் அதைச் சொன்னார். நூறு திர்ஹாமுக்கு இவ்வளவு பளபளப்பா என்பதுதான் அவர் பெருமையே. அவரைப் போல ஒரு போலியை நேர்மையாகக் கட்டிய மனிதரை நான் பார்த்ததில்லை.

2009ல் அவர் போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் மகளுக்கு, என் தங்கச்சிக்கு, கல்யாணம். அதற்குள் அந்த நூறு திர்ஹாம் கதை சித்தியின் நினைவிலிருந்து எப்படியோ உதிர்ந்துவிட்டிருந்தது, அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த விலையுயர்ந்த வாட்ச் என்பது மட்டும் மிச்சம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார்கள், செயின் போட்டார்கள், கடைசியில் சித்தி கர்ச்சீப்பில் சுற்றிவைத்திருந்த வாட்சை எடுத்து, “அவர் இருந்திருந்தா அவர் கையாலயே கட்டிவிட்டிருப்பார்” என்று அழுதுகொண்டே கட்டிவிட்டார். மேடைக்குக் கீழே பந்தி விசாரித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். என் அண்ணனுக்கும் தெரியும். யார் போய்ச் சொல்வது?

மாப்பிள்ளை நல்ல மனிதர். விசேஷத்துக்கு மட்டும் கட்டிவிட்டு நகையோடு சேர்த்து பீரோவில் வைத்துவிடுவார். 2020 லாக்டவுனில் அவருடைய அச்சகம் படுத்துவிட்டது. நகை ஒவ்வொன்றாக அடகுக்குப் போனது, அதற்கப்புறமும் வாட்சைத் தொடவில்லை, மாமனார் ஞாபகம் என்று. கடைசியில் வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டு பழைய வாட்ச் வாங்குகிற கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரர் பின்மூடியைத் திறந்தார், கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார், மூடித் திருப்பிக் கொடுத்தார். “மிஷின் ஜப்பான் மிஷின் சார். நல்ல மிஷின். நீங்களே கட்டிக்கலாம்.” அவ்வளவுதான் சொன்னாராம். நல்ல பண்பு உள்ளவர், யாரென்று தெரியவில்லை.

அன்று ராத்திரி மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார். “மச்சான், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” தெரியும் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தியிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. போன பொங்கலுக்குக்கூட, “அந்த வாட்சைக் கட்டிட்டு வரலையா மாப்பிள்ளை?” என்று கேட்டார். மாப்பிள்ளை சிரித்தார்.

உங்கள் கடிதத்தில் சிரித்துவிட்டுப் போய்விடுவேன் என்று இருந்த வரியைப் படித்ததும் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. நீங்கள் தெரிந்தே வாங்குகிறீர்கள், சித்தப்பாவும் தெரிந்தேதான் வாங்கினார். தெரிந்தவர் கையில் இருக்கிறவரை அதில் பெரிய பாவம் எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வாட்ச் கை மாறுகிற பொருள். வாட்ச் போகும், கதை கூடவே போகாது. அதுவும் உங்களுடையது நூறு திர்ஹாம் சரக்கு கிடையாது, உங்கள் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்கள். இருபது வருடம் கழித்து உங்கள் பீரோவைத் திறக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதற்கு முன்பே நீங்கள் சலித்துப்போய் 20,000 ரூபாய்க்கு யாரிடமோ தள்ளிவிட்டு, அவர் அதை வேறு யாருக்கோ ‘ஒரிஜினல், அவசரத்துக்கு விற்கிறேன்’ என்று மூன்று லட்சத்துக்கு விற்றால்?

இது பத்து லட்சம் ரூபாய் வாட்சுக்கு மட்டும் நடப்பதில்லை. ஹெச்.எம்.டி பற்றி எழுதியபோது சொல்லாமல் விட்ட ஒரு அவமானம் இருக்கிறது. சிட்டிசன் கம்பெனி உதவியோடு 1961ல் பெங்களூரில் ஆரம்பித்த அந்த வாட்ச் தொழிற்சாலைகளை 2016ல் அரசாங்கம் மூட முடிவெடுத்ததும் எல்லோருக்கும் திடீரென்று பாசம் பொங்கியது, எனக்கும்தான். கறுப்பு டயலோடு சாவி கொடுக்கிற ‘பைலட்’ ஒன்றை இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி, அப்பா கட்டியது மாதிரியே என்று புல்லரித்து நாலு பேருக்குக் காட்டினேன். விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர்தான் உடைத்தார். மிஷின் ஹெச்.எம்.டி, டயல் சமீபத்தில் எங்கோ பெயின்ட் அடித்துப் புதிதாக அச்சிட்டது, முள் வேறு வாட்சின் முள். சேகரிப்பவர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு, பச்சை என்று ஹெச்.எம்.டி கனவிலும் போடாத கலரில் எல்லாம் வருகிறது. இந்தியாவில் அரசாங்க குமாஸ்தா கட்டிய வாட்சுக்கே இந்தக் கதி. பெயின்ட் அடித்தவர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்காமல்கூட இருக்கலாம், பழசைப் புதுசாக்கி விற்றேன் என்பார். எனக்கு வந்து சேர்வதற்குள் அது ‘நம்ம அப்பா காலத்து வாட்ச்’ ஆகியிருந்தது.

அதனால் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். 38,000 ரூபாய் கையில் இருந்தால் நிஜ சுவிஸ் வேண்டுமென்றால் டிஸ்ஸோ இருக்கிறது. சீக்கோ, ஓரியன்ட் இரண்டிலும் நல்ல ஆட்டோமேட்டிக்குகள் அதைவிடக் குறைவாகவே வரும், நம் ஓசூர் டைட்டனும் ஆட்டோமேட்டிக் போடுகிறது. இல்லை, சப்மரைனர் முகம்தான் வேண்டும் என்றால் அந்தப் பகானியை வாங்குங்கள், டயலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அது. இத்தனைக்கும் பிறகு சூப்பர் குளோனையே வாங்குவீர்கள் என்றும் தோன்றுகிறது, முப்பத்தொரு வயதில் நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். அப்படி வாங்கினால் ஒன்று செய்யுங்கள். பின்மூடியின் உள்பக்கம் ‘டூப்ளிகேட், 38,000’ என்று பொறித்துத் தரச் சொல்லுங்கள், வாட்ச் ரிப்பேர் கடையில் இரண்டு நிமிட வேலை. அதற்கு மனம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் என்ன கட்டியிருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். கேசியோ எஃப்-91டபிள்யூ, 1989லிருந்து மாறாமல் வருகிற பிளாஸ்டிக் வாட்ச், விலை ஆயிரத்துச் சொச்சம். இதற்கும் போலி இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள், உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் வாட்சுகளில் இதுவும் ஒன்று. அசல் என்றால் வலது பக்கப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்று எழுத்து வரும். வாங்கிய அன்றே அழுத்திப் பார்த்தேன், வந்தது. இப்போதெல்லாம் போலியிலும் அது வருகிறது என்கிறார்கள்.