சீன மாணவர்கள் மறுத்துப் பேசுவது: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மொழியியல் முதுகலை படிக்கிறேன். சீனப் பதின்வயதினரில் பெண்கள் சுற்றி வளைத்து மறுப்பார்கள், பையன்கள் முகத்துக்கு நேரே மறுப்பார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மைதானா? வினாத்தாள் கொடுத்து இதைச் சோதிக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதிரில் இருப்பது யார் என்று சொல்லாதவரை அந்தக் கூற்றை ஏற்காதீர்கள். ஆசிரியர் முன்னால் பையனும் சரி, பெண்ணும் சரி, பெரும்பாலும் அடக்கித்தான் வாசிப்பார்கள். ‘எனக்குத் தோன்றுவது’ என்று ஆரம்பிப்பார்கள், சந்தேகம்போலக் கேட்பார்கள், இல்லையென்றால் பேசாமல் இருந்துவிடுவார்கள். வேறுபாட்டைத் தேட வேண்டிய இடம் சம வயதினரின் பேச்சு.

அங்கேயும் முன்முடிவோடு போகக் கூடாது. ஏமி கிராட்ஸிஸும் ஜியான்ஷெங் குவோவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குள் சண்டையிடும்போது அமெரிக்காவில் பையன்களும் சீனாவில் பெண்களும் அதிகம் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். அவர்கள் பார்த்தது மழலையர் பள்ளிப் பிள்ளைகளை; பதினைந்து வயதுக்கு அதை அப்படியே நீட்ட முடியாது. ஆனால் பெண் என்றால் தழைந்துதான் பேசுவாள் என்பதை எல்லா ஊருக்கும் பொதுவான விதியாக்க முடியாது என்பதற்கு அது போதும்.

வினாத்தாளை மட்டும் நம்பினால் கெட்டுவிடும். ‘தோழி இப்படிச் சொன்னால் என்ன சொல்வாய்?’ என்று கேட்டால், பிள்ளைகள் தாங்கள் எப்படிப் பேச வேண்டுமென்று நினைக்கிறார்களோ அதை எழுதுவார்கள். குரலும் தாளில் விழாது. ஒரு பெண் ‘பு யாவ் மா’ (வேண்டாமே) என்று கடைசி ‘மா’வை இழுத்துக் கொஞ்சினால், அவள் மறுப்பது உறுதியாகத்தான்; உறவை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறாள். ஒரு பையன் நெருங்கிய நண்பனிடம் சிரித்துக்கொண்டே ‘நி தோங் ஷென்மா’ (உனக்கென்ன தெரியும்) என்றால் அது உரிமை. முன்பின் பழகாதவனிடம் சொன்னால் சண்டை. சிரிப்பைக் குறிக்காமல் எழுதியெடுத்தால் பையன்கள் எல்லாரும் முரடர்கள் என்று முடிவு வரும். இந்தத் துறையில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான்.

ஆகவே ஒலிப்பதிவு செய்யுங்கள். பெண்–பெண், பையன்–பையன், கலப்பு என மூன்று வகை இணைகள். ஒவ்வொன்றிலும் நண்பர்கள் தனி, வெறும் வகுப்புத் தோழர்கள் தனி. சரியான விடை இல்லாத வேலை கொடுங்கள்: 500 யுவானை வகுப்புச் சுற்றுலாவுக்கு எப்படிச் செலவிடுவது என்பதுபோல. இருபது நிமிடம் பதிந்து, கூச்சம் கலையாத முதல் ஐந்தை விட்டுவிடுங்கள். அரை நொடிக்கு மேற்பட்ட இடைவெளியைக் குறியுங்கள். தயக்கம் தெரிவது அதில்தான்.

மறுப்புகளை வகைப்படுத்த முன்டிகில், டர்ன்புல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் தந்த நான்கு வகைகள் போதும்: பேச்சுக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளுவது, சவால் விடுவது, நேர்மறுப்பு, மாற்றுக் கருத்து. ஒவ்வொரு பிள்ளையின் மறுப்பு எண்ணிக்கையையும், அந்தப் பிள்ளை மொத்தம் எத்தனை முறை பேசியதோ அந்த எண்ணால் வகுங்கள். வகுக்காவிட்டால், வாயாடி எல்லாம் சண்டைக்காரி ஆகிவிடுவாள். இருவர் தனித்தனியே வகைப்படுத்தி ஒப்பிட வேண்டும். ஒருவராவது சீனம் தாய்மொழியானவராக இருக்கட்டும்.

வீசாட் (சீனர்களின் குறுஞ்செய்திச் செயலி) உரையாடல் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் தனியாக வையுங்கள். அங்கே அந்தச் சாதாரணப் புன்னகை முக எமோஜியை இளையவர்கள் பல நேரம் எரிச்சலைக் காட்டத்தான் போடுகிறார்கள். அதை இணக்கம் என்று கணக்கிட்டுவிடக் கூடாது.