டிரெய்லரும் வழிப்பேச்சும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் கணவரும் டெக்சஸில் ஆஸ்டின் அருகே இருக்கிறோம். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. 24 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். இழுப்பது 'அரை டன்' வகைப் பிக்கப் டிரக். ஜூனில் மொன்டானாவிலுள்ள கிளேசியர் தேசியப் பூங்கா வரை போக எண்ணம். ஒரு நாளைக்கு 600 மைல் ஓட்டினால் நாலு நாளில் சேர்ந்துவிடலாம் என்கிறார் அவர். எனக்கோ வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேசிக்கொண்டு போக ஆசை. ஒத்திகையாகப் பக்கத்து ஏரிக்குப் போனோம். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதற்குள் எங்களுக்குள் பெரிய சண்டை. உதவ வந்த பக்கத்து இடத்துக்காரர் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். முன்பின் தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவது? எவ்வளவு நம்பலாம்? வண்டியில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கோமதி

அன்புள்ள கோமதி,

600 மைல் என்பது காருக்கான கணக்கு. டிரெய்லருக்குப் போடும் எஸ்டி டயர்கள் பலவற்றுக்கு உச்ச வேகமே மணிக்கு 65 மைல்தான். பெட்ரோல், சாப்பாடு, சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க நிற்பது எல்லாம் சேர்ந்தால் சராசரி 50ஐத் தாண்டுவது கடினம். 600 மைலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், இருட்டில்தான் போய் இறங்குவீர்கள். பழகியவர்கள் 3-3-3 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளில் 300 மைல், பிற்பகல் 3 மணிக்குள் இறங்குவது, ஓரிடத்தில் 3 இரவு. உங்கள் பாதை ஏறத்தாழ 2,000 மைல். சில ஊர்களில் ஓரிரவோடு கிளம்பினால் போக மட்டும் இரண்டு வாரம் பிடிக்கும். நீங்கள் தேடும் மனிதர்கள் அந்த இரண்டு வாரத்தில்தான் இருக்கிறார்கள். இரவு எட்டுக்கு வந்து காலை ஆறுக்குக் கிளம்புகிறவருக்குப் பக்கத்தில் மின்கம்பம் தவிர யாரும் அகப்பட மாட்டார்கள்.

கிளம்புமுன் எடை போடுங்கள். பிக்கப்பின் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்பது அதில் உண்டு. 1,500 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், பிக்கப்பின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச்சின் மேல் உட்கார வேண்டும். இதுதான் முன்பாரம். 6,500 பவுண்டு டிரெய்லரானால் 650 முதல் 975 வரை. 850 என்று கொண்டால் மிச்சம் 650. நீங்கள் இருவரும் 320, பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 90. கையில் நிற்பது 240 பவுண்டுதான். அதில் ஜெனரேட்டர், கருவிப்பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் அடங்கியாக வேண்டும். "இந்த வண்டி 9,000 பவுண்டு இழுக்கும்" என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அரை டன் வண்டியில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல, இந்த ஏற்றுதிறன்தான்.

நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற வண்டி எடைமேடை இருக்கும். பிக்கப்பை மட்டும் ஒரு தடவை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரோடு, ஹிட்ச்சின் பகிர்வுக் கம்பிகளை மாட்டாமல் ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. கம்பி மாட்டாதபோது பிக்கப்பின் இரண்டு அச்சுகளிலும் விழும் எடையிலிருந்து தனிப் பிக்கப்பின் எடையைக் கழித்தால் முன்பாரம் கிடைத்துவிடும். தண்ணீர்த் தொட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேலனுக்கு 8.3 பவுண்டு என்றால் 40 கேலனுக்கு 330. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், நிரப்பியதும் முன்பாரம் குறைந்து டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓட்டுநர் பக்கத்திலுள்ள டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும்.

பழைய டிரெய்லர் என்கிறீர்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் தேயாமலிருந்தாலும் மாற்றிவிடுங்கள். டெக்சஸின் ஜூன் வெயிலில் காற்றுக் குறைந்த பழைய டயர் சூடேறி மேல்பட்டையை உரித்துக்கொள்ளும். அந்தப் பட்டை சுழன்று அடித்தால் டிரெய்லரின் அடித்தளமும் குழாயும் கிழியும், டயர் விலையைப் போல் பல மடங்கு செலவு. புதுச் சக்கரம் மாட்டினால் முதல் 10, 25, 50 மைல்களில் நட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும்.

இனி மனிதர்கள். டிரெய்லர் தளங்களில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள் ஹிட்ச்சை மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வருவார்கள். "எந்த ஊர்?" என்று தொடங்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒரு படி விட்டுப்போகும். பூட்டுப்பின் போடாமல் கிளம்பியவர்களும், ஆன்டெனாவை இறக்க மறந்தவர்களும், மின்கம்பி செருகியபடியே வண்டியை நகர்த்தியவர்களும் பலர் இப்படிப் பேச்சில் விட்டவர்களே. வேலையை நிறுத்திவிட்டு முழு மனதோடு பேசுங்கள். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து பாருங்கள்: ஹிட்ச்சின் இரும்புக் குண்டின் மேல் டிரெய்லரின் முன்முனையான கப்ளர் உட்கார்ந்து தாழ் விழுந்திருக்கிறதா, பின் போட்டாயிற்றா. தாழ் போட்டபடி ஜாக்கால் டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தினால் பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழ வேண்டும். எழாவிட்டால் கப்ளர் பிடிக்கவில்லை. சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் குறுக்காக வர வேண்டும். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் பிரேக்அவே கம்பியைச் சங்கிலியில் கோக்காமல் பிக்கப்பில் தனியாக மாட்ட வேண்டும். பிறகு டிரெய்லருக்கு மின்சாரம் தரும் ஏழு முனைச் செருகி, விளக்குகள், ஜாக்கின் காலை முழுக்க மேலே ஏற்றுவது. சக்கரக் கட்டையை எடுப்பது கடைசி. கழற்றும்போது அந்தக் கட்டையைப் போடுவதுதான் முதல் வேலை.

உங்கள் சண்டைக்குக் காரணம் "இடது", "வலது" என்ற சொற்களாகத்தான் இருக்கும். பின்னால் போகும்போது யாருடைய இடது? "ஓட்டுநர் பக்கம்", "பயணி பக்கம்" என்றே சொல்லுங்கள். கத்த வேண்டாம், இருவரும் போனில் இணைந்துகொள்ளுங்கள். அவருடைய கண்ணாடியில் நீங்கள் தெரியாத கணம் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஸ்டியரிங்கை அடிப்பக்கம் பிடித்தால், கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பக்கமும் போகும். முடிந்த மட்டும் ஓட்டுநர் பக்கம் வளைந்து நுழையும் தளத்தையே பதிவு செய்யுங்கள். உதவிக்கு மூன்றாவது ஆள் வந்தால் நன்றி சொல்லி, மேலே தொங்கும் கிளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சைகை காட்டுவது ஒருவர் மட்டுமாக இருக்கட்டும். சண்டை பாதிக்கு மேல் இதிலேயே தீரும். மீதிக்கு நான் பொறுப்பல்ல.

பழக்கவழக்கம் எளிது. அடுத்தவர் தளத்தின் குறுக்கே நடக்கக் கூடாது, அது அவர் வீட்டு முற்றம். வெளியே நாற்காலி போட்டுச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரிடம் தயங்காமல் பேசலாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை பெரும்பாலான தளங்களில் அமைதி நேரம், குக்கர் விசிலுக்கும் அது பொருந்தும். கழிவு இறக்கும் டம்ப் ஸ்டேஷன் மட்டும் பேச்சுக்கான இடமல்ல, பின்னால் வரிசை நிற்கும். கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல், பாத்திரம் கழுவிய நீர் சேரும் 'சாம்பல்நிற'த் தொட்டியின் தண்ணீரால் குழாயைக் கழுவிவிட்டு நகருங்கள். தளத்தில் நிற்கும்போது கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிப்போய்க் கெட்டிப்பொருள் மட்டும் தங்கிவிடும்.

ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்கள் சிலவற்றில் பெரிய சிவப்பு எண்களைக் காண்பீர்கள். ஏர்ஸ்ட்ரீமைத் தொடங்கிய வாலி பயாமின் பெயரில் 1955இல் அமைந்த சங்கத்தின் உறுப்பினர் எண்கள் அவை. வழியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு பேசுவதற்கு உதவுபவை. அந்த எண்ணைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைத் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் ஹோஸ்டிடம் சொல்லலாம், வழியில் சந்திப்பவர்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. இரவில் கதவு தட்டினால் ஜன்னல் வழியே பேசுங்கள். பெரும்பாலும் அனுமதிச் சீட்டைப் பார்க்க வந்த ரேஞ்சராகத்தான் இருக்கும்.

கிளேசியரில் ஒரு சிக்கல் உண்டு. பூங்காவைக் குறுக்கே கடக்கும் கோயிங்-டு-தி-சன் சாலையில் அவலாஞ்ச், ரைசிங் சன் என்ற இடங்களுக்கு இடையே, முட்டுத்தடுப்பு உட்பட 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கும், பக்கக் கண்ணாடி உட்பட 8 அடிக்கு மேல் அகலமுள்ளவற்றுக்கும் அனுமதி இல்லை. டிரெய்லரை மேற்கே ஆப்கரிலோ கிழக்கே செயின்ட் மேரியிலோ நிறுத்திவிட்டுப் பிக்கப்பில் மட்டும் போங்கள். இழுவைக்காக மாட்டிய நீள் கண்ணாடிகளைக் கழற்றவோ உள்ளிழுக்கவோ மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அகலம் 8 அடியைத் தாண்டிவிடக்கூடும். டிரெய்லரோடு பக்கம் மாறுவதானால் யு.எஸ். 2 நெடுஞ்சாலை. அந்தச் சாலையின் உச்சியிலுள்ள லோகன் கணவாய் பெரும்பாலும் ஜூன் பிற்பகுதியிலோ ஜூலையிலோதான் திறக்கும், ஆகவே புறப்பாட்டை ஜூன் நடுப்பகுதிக்குத் தள்ளிவையுங்கள். அங்கே கரடிகள் உண்டு. சமைத்த பாத்திரமும் ஐஸ்பெட்டியும் ஒரு நிமிடம்கூட ஆளில்லாமல் வெளியே இருக்கக் கூடாது, பக்கத்துத் தளத்துக்குச் சாம்பார் கொடுக்கப் போகும்போதும்.