பாட்டியின் சைட்போர்டு வால்நட்தானா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வீட்டில் 50 வருடமாக இருக்கும் சைட்போர்டை (இழுப்பறை வைத்த தாழ்வான அலமாரி) எங்கள் பாட்டி "வால்நட்" மரம் என்றுதான் சொல்வார். பழைய பாலிஷைச் சுரண்டி, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு அனுப்ப நினைக்கிறேன். பாலிஷ் போட வந்தவரோ இது வால்நட்டே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?
- டர்பன் வாசகி

பதில்: அம்மா, ஒரு இழுப்பறையை உருவி, முகப்புப் பலகையின் உட்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பாலிஷ் இருக்காது. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து உடனே மோந்து பாருங்கள். ஜாதிக்காயும் பட்டையும் கலந்த மாதிரி வாசனை வந்தால் அது இம்புயா. பிரேசில் மரம். ஒரு காலத்தில் நம் தென்னாப்பிரிக்க வீடுகளில் இம்புயா சாமான் இல்லாத கூடம் அபூர்வம். 'பிரேசிலியன் வால்நட்' என்று பேர் வைத்து விற்றார்கள், பாட்டி மேல் தப்பில்லை. உண்மையில் அது பட்டை மரக் குடும்பம். நம் நைஸ்னா காட்டு ஸ்டிங்க்வுட் மரத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம். பழுப்பாக இருந்தால் எல்லாவற்றுக்கும் இந்தப் பேர்தான். நம் வாகை மரத்தையே 'ஈஸ்ட் இண்டியன் வால்நட்' என்று விற்றிருக்கிறார்கள்!

அசல் கறுப்பு வால்நட் அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மரம். வைரம், அதாவது நடுக்கட்டை, சாக்லேட் நிறம்; அதைச் சுற்றிய வெளிக்கட்டை வெளுத்துத் தெரியும். நன்றாகக் காய்ந்தது கன மீட்டருக்குச் சுமார் 610 கிலோ. வலுவுக்கு அதிகப் பாரமில்லை. காய்ந்தபின் சுலபத்தில் கோணாது. துப்பாக்கிக் கட்டைக்கு அதைத் தேடிப் போனதும் அதனால்தான். இழைப்புளி அதன்மேல் வெண்ணெயில் போவதுபோல் போகும். ஒரு விசித்திரம்: மற்ற மரங்கள் பலவும் நாளாக ஆகக் கறுக்கும், இது வெயில் பட்டால் வெளுக்கும்.

'ஆப்பிரிக்கன் வால்நட்' என்பது வேறு. அது மகாகனிக் குடும்பம். ரேகை பின்னிக் கிடப்பதால் இழைக்கும்போது சிராய் பெயரும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மேசைப் பலகையை நான் இப்படித்தான் கெடுத்தேன்.

சரி, உங்கள் சைட்போர்டுக்கு வருவோம். ஓரத்தைப் பாருங்கள்: மேற்பரப்பின் ரேகை அப்படியே ஓரத்தில் இறங்காமல், மெல்லிய கோடாக நின்றுவிட்டால் அது வெனீர், அதாவது வேறு பலகை மேல் ஒட்டிய மெல்லிய மரத் தகடு. அதில் தேய்க்கும் மெஷினை வைக்கவே வேண்டாம், ஒரு நிமிடத்தில் அடிப்பலகை தெரிந்துவிடும். ஸ்டீல் உல்லை (இரும்பு நார்) ஈரத்தோடு தேய்க்கவும் கூடாது. வால்நட்டாக இருந்தால் இரும்புத் துகள் நின்ற இடமெல்லாம் மறுநாள் கருநீலப் புள்ளி. எது செய்தாலும் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், இம்புயா தூசி தொண்டையை அறுக்கும்.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலம் டர்பன் மாதிரி இல்லை, காற்று வறண்டு கிடக்கும். மேல்பலகை முழுப் பலகையாக இருந்தால் சுருங்கும். அடியில் அதைப் பிடிக்கும் திருகாணிகளைக் கழற்றி, துளையை ரேகைக்குக் குறுக்குவாக்கில் கொஞ்சம் நீளமாக்கி, இறுக்காமல் மாட்டச் சொல்லுங்கள். மகள் வீட்டில் ஹீட்டர் பக்கம் மட்டும் வைக்க வேண்டாம்.