ஒரு செட் சென்ட்ரிங், மூன்று வீடு

கேள்வி: சிறிய அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். இப்போது கையில் மூன்று வீடுகள், மூன்றுமே தளம் போடும் நிலையில். இருப்பதோ ஒரு செட் சென்ட்ரிங் சாமான் (காங்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்), ஒரு மேஸ்திரி குழு. யார் போனில் சத்தம் போடுகிறாரோ அங்கே ஆள் அனுப்புகிறேன். மூவருக்குமே கோபம். எப்படிப் பிரிப்பது?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: ஆட்களைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்களைக் கட்டிப்போட்டிருப்பது சென்ட்ரிங் சாமான். ஐ.எஸ். 456:2000 தரநிலைப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டில் போட்ட தளம், தாங்கும் சுவர்களுக்கு நடுவே 4.5 மீட்டர் இடைவெளி வரை என்றால் 7 நாள் முட்டு நிற்கவேண்டும். அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள். பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும், இன்னும் பொறுக்கவேண்டும். பலகை அடித்து, கம்பி கட்டி, பைப் பதிக்க ஒரு வாரம். ஆக ஒரு தளத்துக்குச் சாமான் மூன்று வாரம் சிக்கிக்கொள்கிறது. எத்தனை ஆள் சேர்த்தாலும் இது குறையாது. அவசரத்துக்கு முட்டுகளை முன்கூட்டி உருவாதீர்கள், அடியில் மனிதர்கள் நிற்கிறார்கள்.

எனவே காலண்டரில் முதலில் சாமான் போகும் வழியை மட்டும் எழுதுங்கள். முதலில் எந்த வீடு? தளம் முடிந்தால் வங்கி அடுத்த தவணைக் கடனை விடும் வீடு. அந்தப் பணம் வந்தால் இரண்டாவது செட்டை வாடகைக்கு எடுக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் மூன்று தளமும் முடியாது என்று காலண்டர் சொன்னால், அந்த வாடகையை யோசிக்கவே வேண்டாம், கொடுத்துவிடுங்கள்.

சாமான் சிக்கியிருக்கும் நாட்களில் குழுவுக்கு சம்ப், செப்டிக் டேங்க், மதில் வேலை கொடுங்கள். ஆனால் தொட்டதை முடித்துவிட்டே நகரவேண்டும். வீட்டுக்கு மூன்று வார வேலை மிச்சம் என்று வையுங்கள். வரிசையாகச் செய்தால் 3, 6, 9-ஆம் வாரங்களில் முடியும். வாரம் ஒரு வீடாகச் சுற்றினால் 7, 8, 9. கடைசி வீட்டுக்காரருக்கு ஒருநாள்கூட மிச்சமாகவில்லை. முதல் வீட்டுக்காரர் நான்கு வாரம் இழக்கிறார். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது வழி.

மூன்றாவது வீட்டுக்காரரை நேரில் போய்ப் பாருங்கள். காலண்டரைக் காட்டி, சாமான் அவர் வீட்டுக்கு வரும் தேதியைச் சொல்லுங்கள். அன்று கோபப்படுவார். அந்தத் தேதியில் பலகை வந்து இறங்கினால், அடுத்த வாரம் போன் செய்யமாட்டார்.