காதில் கேட்கிறது, மைக்கில் பேச்சு போகவில்லை: எங்கிருந்து தேடுவது?

கேள்வி: வீடியோ காலுக்காக மைக் வைத்த ஹெட்செட் வாங்கினேன். வயரின் முனையில் ஒரே ஒரு பின்தான். டெஸ்க்டாப்பின் பின்புறம் பச்சை நிறத் துளையில் செருகினால் எதிரில் பேசுபவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது; நான் பேசுவது அவருக்குப் போகவே இல்லை. பிங்க் துளைக்கு மாற்றினால் எனக்கும் கேட்பதில்லை. மொபைலில் இதே ஹெட்செட் நன்றாக வேலை செய்கிறது. ஆடியோ டிரைவரை அழித்து மறுபடி போட்டுப் பார்த்தும் பலனில்லை. ஹெட்செட்டை மாற்றுவதா, கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். மொபைலில் மைக் வேலை செய்கிறது என்பதால் மைக், வயர், பின் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. டிரைவர் மீதும் குற்றமில்லை. பேச்சு கம்ப்யூட்டருக்குள் நுழையவே இல்லை. நுழையாத ஒன்றை எந்த டிரைவரும் பதிவு செய்ய முடியாது.

ஹெட்செட்டின் பின்னை உற்றுப் பாருங்கள். உலோகத் தண்டைச் சுற்றி மூன்று கறுப்பு வளையங்கள் தெரியும். அவை தண்டை நான்கு பகுதிகளாகப் பிரிக்கின்றன. நுனியிலிருந்து வரிசையாக இடது காது, வலது காது, கிரவுண்ட் (மற்ற மூன்றுக்கும் பொதுவான மின் இணைப்பு), கடைசியில் மைக். இன்றைய மொபைல்களில் பரவலாக இருப்பது இந்த வரிசைதான். டெஸ்க்டாப்பின் பச்சைத் துளை மூன்று பகுதி கொண்ட பின்னுக்காகச் செய்யப்பட்டது: இடது, வலது, கிரவுண்ட். மைக்குக்கென்று அதற்குள் தனித் தொடர்பு எதுவும் இல்லை. அதனால்தான் காதில் கேட்கிறது, பேச்சு மட்டும் போவதில்லை.

பிங்க் துளை மைக்குக்கு உரியதுதான். ஆனால் அது மைக்கைப் பின்னின் நுனியில் எதிர்பார்க்கிறது. உங்கள் பின்னின் நுனியில் இருப்பதோ இடது காதின் ஸ்பீக்கர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிங்க் துளையில் செருகிய நிலையில் இடது காதுப் பக்கம் வாயை வைத்து உரக்கப் பேசினால் மங்கலாக ஏதோ பதிவாகலாம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தமும் சுருளும் ஒலி பட்டால் சிறு மின்சாரத்தைத் தரும். அதாவது ஸ்பீக்கரே ஒரு மட்டமான மைக்காக வேலை செய்யும். திரையில் ஒலியின் அளவைக் காட்டும் பட்டை லேசாக அசைவதைப் பார்த்து 'மைக் இருக்கிறது, சத்தம்தான் குறைவு' என்று முடிவு செய்து செட்டிங்ஸில் மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

உங்களுக்குத் தேவை ஒரு ஸ்பிளிட்டர் வயர். ஒரு முனையில் உங்கள் பின் நுழையும் ஒற்றைத் துளை, மறுமுனையில் இரண்டு பின்கள். ஒன்றில் ஹெட்போன் படமும் இன்னொன்றில் மைக் படமும் போட்டிருக்கும், அல்லது பச்சை, பிங்க் நிறத்தில் இருக்கும். வாங்கும்போது கவனம் தேவை, ஏனென்றால் பார்வைக்கு ஒரே மாதிரி மூன்று வகை வயர்கள் விற்பனையில் உள்ளன. ஒரு பின்னும் இரண்டு துளையும் கொண்டது, இரண்டு பேர் இரண்டு ஹெட்போனில் ஒரே பாட்டைக் கேட்பதற்கானது. அதே வடிவில் இன்னொன்று, இரண்டு பின் கொண்ட பழைய கம்ப்யூட்டர் ஹெட்செட்டை மொபைலில் போடுவதற்கானது. உங்கள் வேலைக்கு ஒரு துளை, இரண்டு பின். அந்த இரண்டு பின்னிலும் இரண்டிரண்டு கறுப்பு வளையங்கள். இதைச் சரிபார்த்துவிட்டால் போதும்.

பச்சைப் பின்னைப் பச்சையிலும் மைக் பின்னைப் பிங்க்கிலும் செருகுங்கள். பக்கத்தில் இருக்கும் நீலத் துளை வேண்டாம். ஹெட்செட் மைக்குகள் பெரும்பாலும் எலக்ட்ரெட் வகை. அவை இயங்கச் சில வோல்ட் மின்சாரம் வேண்டும். பிங்க் துளை அந்த மின்சாரத்தை வயர் வழியாகவே தருகிறது. நீலம் வெளிச் சாதனங்களின் ஒலியை உள்ளே வாங்குவதற்கானது, அது மின்சாரம் தராது.

மைக் பின்னைச் செருகியதும் 'எதைச் செருகினீர்கள்?' என்று ஒரு சிறு பெட்டி திரையில் எழுந்தால் அவசரத்தில் மூடிவிடாமல் மைக் என்று தேர்ந்தெடுங்கள். ஒற்றைத் துளை மட்டும் உள்ள லேப்டாப்களில் ஸ்பிளிட்டர் தேவைப்படாது. ஆனால் அங்கும் இதே பெட்டி வரலாம். 'ஹெட்போன்' என்று சொல்லிவிட்டால் மைக் அணைந்தே கிடக்கும். 'ஹெட்செட்' என்று சொல்ல வேண்டும்.

மிகப் பழைய ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில பழைய மொபைல்களோடு வந்தவற்றில் கிரவுண்டும் மைக்கும் இடம் மாறியிருக்கும். பாட்டில் பாடுபவர் குரல் காணாமல் போய் வாத்தியங்கள் மட்டும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். வயரில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் எல்லாம் சரியாகும், விட்டால் பழையபடி ஆகிவிடும். இந்த அறிகுறி தெரிந்தால் பழுது எதுவும் இல்லை, வரிசைதான் வேறு. அதற்கென்றே மாற்று இணைப்பான்கள் இருக்கின்றன.

இனி செட்டிங்ஸ். விண்டோஸ் 11ல் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'சவுண்ட்' என்று போய் 'இன்புட்' பகுதிக்கு வாருங்கள். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் பட்டியலிடப்பட்டிருக்கலாம். வெப்கேமில் ஒரு மைக், லேப்டாப்பின் உடம்பிலேயே ஒரு மைக், இப்போது உங்கள் ஹெட்செட். விண்டோஸ் தானாக வெப்கேமைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் குரல் போகும், ஆனால் தூரத்து அறையிலிருந்து பேசுவதுபோல் எதிரொலியோடு போகும். எந்த மைக் வேலை செய்கிறது என்று அறிய ஓர் எளிய வழி: ஹெட்செட் மைக்கின் நுனியை விரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். 'இன்புட்' பகுதியில் ஒலியின் அளவைக் காட்டும் பட்டை துள்ளினால் அதுதான். துள்ளாமல், வாய்விட்டுப் பேசும்போது மட்டும் அசைந்தால் வேறு ஏதோ மைக் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்தப் பட்டைதான் எல்லாவற்றுக்கும் சாட்சி. இங்கே அது துள்ளி, மீட்டிங்கில் மட்டும் குரல் போகவில்லை என்றால் வயரை இனித் தொட வேண்டாம். தவறு அனுமதியிலோ மீட்டிங் செயலியிலோ இருக்கிறது. இங்கேயே அசையவில்லை என்றால் செயலியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் ஹெட்செட் வயரில் உள்ள மியூட் சுவிட்சைப் பாருங்கள். சில மாடல்களில் மைக் தண்டை மேலே தூக்கினாலே மியூட் ஆகிவிடும். லேப்டாப் கீபோர்டிலும் மைக்கை அணைக்கும் பட்டன் இருக்கலாம். சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் இந்த மூன்றையும் பார்க்காமல் விண்டோஸையே மறுபடி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

சுவிட்ச் சரியாக இருந்தால் அதே பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்து 'ரெக்கார்டிங்' பகுதிக்குப் போங்கள். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து முடக்கப்பட்ட சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மைக் அங்கே மங்கலாகக் கிடந்தால் 'எனேபிள்' கொடுங்கள். டிஃபால்ட் சாதனம், டிஃபால்ட் கம்யூனிகேஷன் சாதனம் என்று இரண்டு இருக்கின்றன. பதிவு செய்யும் மென்பொருள்கள் முதலாவதையும் கால் பேசும் செயலிகள் பெரும்பாலும் இரண்டாவதையும் எடுத்துக்கொள்ளும். வாய்ஸ் ரெக்கார்டரில் சரியாகப் பதிவாகி மீட்டிங்கில் மட்டும் சொதப்பினால் இந்த இரண்டும் வெவ்வேறு மைக்குகளில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

குரல் போகிறது, ஆனால் மிகவும் மெலிதாக என்றால் அதே மைக்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'லெவல்ஸ்' பகுதியில் 'பூஸ்ட்' என்று இழுத்து நகர்த்தும் ஸ்லைடர் ஒன்று இருக்கும். 10, 20, 30 டெசிபல் என்று படிப்படியாக ஏறும். 20 டெசிபல் என்றால் சிக்னலின் வோல்டேஜ் பத்து மடங்கு. குரலோடு மின்விசிறிச் சத்தமும் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்தே பத்து மடங்காகும். அதனால் முதலில் 10 வைத்து, மைக்கை வாய்க்கு ஓரமாகக் கொண்டுவாருங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சு அடிக்கும்.

அனுமதி விஷயம்: 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'மைக்ரோபோன்' திறந்தால் பல சுவிட்சுகள் வரும். மேலே உள்ளது கம்ப்யூட்டர் முழுமைக்கும். கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தனியாக டவுன்லோட் செய்து நிறுவிய மென்பொருள்கள் பெரும்பாலும் அதன் கீழ்தான் வரும். பிரவுசரில் மீட்டிங் சேருபவர்கள் அட்ரஸ் பாரின் இடது முனையில் உள்ள சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதல் முறை கேட்டபோது கை தவறி 'பிளாக்' அழுத்தியிருந்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்காது. மேக்கில் 2018ல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக மைக் அனுமதி தர வேண்டும். லினக்ஸில் ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, மைக்கின் கீழே 'எம்எம்' என்று காட்டினால் எம் விசையைத் தட்டுங்கள். அது மியூட்டின் அடையாளம்.

யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு மேலே சொன்ன துளை, வளையக் கதைகள் எதுவும் பொருந்தாது. அதற்குள்ளேயே தனி சவுண்ட் கார்டு இருக்கிறது; இன்புட்டில் அதன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. புளூடூத்தில் பலரும் சொல்லும் குறை வேறு: மைக்கை ஆன் செய்ததும் பாட்டின் தரம் பழைய டெலிபோன்போல் ஆகிவிடுகிறது. வழக்கமான புளூடூத்தில் உயர்தர ஸ்டீரியோ ஒருவழிப் பாதை. மைக் வேண்டுமென்றால் அது இருவழிக் கால் முறைக்கு மாறும், அதில் ஒலி விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளாக (ஒலியை அளந்தெடுக்கும் தடவைகள்) சுருங்கிவிடும். பழுது இல்லை. கேட்பதற்கு புளூடூத்தை வைத்துக்கொண்டு இன்புட்டில் மட்டும் வெப்கேம் மைக்கையோ லேப்டாப் மைக்கையோ தேர்ந்தெடுத்தால் பாட்டும் கெடாது.

டிரைவரை நான் கடைசியில்தான் தொடுவேன், அதுவும் பட்டியலில் மைக் என்ற பெயரே வராதபோது மட்டும். அப்போதும் மதர்போர்டு அல்லது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் இருப்பதையே எடுங்கள். எல்லா டிரைவரையும் தானே புதுப்பித்துத் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள்களை அண்டவிடாதீர்கள்.

ஸ்பிளிட்டர் போட்ட பிறகு பின்புறம் வேலை செய்து, கேபினெட்டின் முன்புறத் துளையில் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், முன் பேனலிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் உள் வயர் கழன்றிருக்கலாம். பின்புறமே பயன்படுத்திக்கொள்ளுங்கள், அல்லது மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அந்த இணைப்பை அழுத்திவிடுங்கள். பின்புறத்திலும் எந்த மைக்கும் எடுபடவில்லை என்றால் ஆடியோ பகுதியே போயிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பியில் செருகும் சிறிய சவுண்ட் அடாப்டர் ஒன்று போதும். அதில் ஒற்றைத் துளை இருந்து, அருகே ஹெட்செட் படமும் போட்டிருந்தால் உங்கள் பின்னை நேராகச் செருகலாம். இரண்டு துளைகள் இருந்தால் வாங்கிய ஸ்பிளிட்டரை அதிலேயே மாட்டிவிடுங்கள்.